பாலைவனப் பல்லிகளில் எது எது? அடையாளமும் வளர்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணல் நிறம், பெரிய கண்கள், கைக்குள் அடங்கும் உடம்பு. பெட்டியின் மேல் ‘டியூன் கெக்கோ’ அல்லது ‘சாண்ட் கெக்கோ’ என்று எழுதியிருக்கும் (கெக்கோ என்றால் பல்லி). இந்தப் பெயரில் நான்கைந்து வெவ்வேறு இனங்கள் கைமாறுகின்றன. வாங்கியவருக்கு மட்டுமல்ல, பல நேரம் விற்றவருக்கும் அது எந்த இனம் என்று தெரிந்திருக்காது. இப்படிப்பட்ட பல்லி ஒன்றை வைத்துக்கொண்டு திகைத்து நிற்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

எந்த இனமாக இருந்தால் என்ன? எல்லாமே பாலைவனப் பல்லிதானே, ஒரே மாதிரி வளர்த்தால் போதாதா?

போதாது. பாலைவனம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அவை ஒரே மாதிரி இடங்கள் அல்ல. நமீப் பாலைவனக் கடற்கரையில் மழை பெயருக்குத்தான், ஆனால் கடலிலிருந்து மூடுபனி வந்து மணலை நனைத்துவிட்டுப் போகும். அங்கே வாழும் வலைக்கால் பல்லிக்குக் கடும் வெயில் பழக்கமில்லை. சகாராவின் மணல் மேடுகளில் பகல் கொதிக்கும், இரவு சில்லென்று ஆகிவிடும். நடு ஆசியாவின் தவளைக்கண் பல்லி குளிர்காலம் முழுவதையும் மண்ணுக்குள் உறங்கியே கழிக்கும். எல்லோருக்கும் தெரிந்த லெப்பர்டு கெக்கோ மணல் மேட்டுப் பிராணியே இல்லை. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதிகளில் இறுகிய மண்ணும் பாறை இடுக்கும் உள்ள வறண்ட நிலம்தான் அதன் வீடு.

எனவே இனத்தைத் தவறாக எடுத்துக்கொண்டால் அடியில் போடும் மணல், சூடு, ஈரம் என்று எல்லாமே தவறிப்போகும். பல்லி உடனே செத்துவிடாது. மூன்று நான்கு மாதம் மெல்ல மெல்ல மெலியும். என்ன காரணம் என்று புரியாமல் நாம் தீனியை மாற்றிக்கொண்டே இருப்போம்.

சரி, அடையாளம் காண எங்கிருந்து தொடங்குவது?

கண்ணில் தொடங்குங்கள். அடுத்து விரல், அப்புறம் தோல், வால். நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நிறத்தைப் பார்த்து ஒரு பெயரை முடிவு செய்துவிட்டு, மற்றதையெல்லாம் அதற்கு ஏற்றபடி வளைத்துப் பார்க்கிறார்கள்.

கண்ணில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: இமை. பெரும்பாலான பல்லிகளுக்கு அசையும் இமை கிடையாது. ஒளி ஊடுருவும் தகடு ஒன்று கண்ணை மூடியிருக்கும், அதை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். லெப்பர்டு கெக்கோ சேர்ந்த யூப்ளெஃபாரிடே குடும்பத்துக்கு மட்டும் நமக்கு இருப்பதுபோல மூடித் திறக்கும் இமை உண்டு. தூங்கும்போது கவனித்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இமை இல்லாத இனங்கள் கண்ணைக் குழிக்குள் இழுத்துக்கொள்வது உண்டு. அப்போது மேலே புருவம் போன்ற தோல் மடிப்பு இறங்கி, கண்ணை மூடியதுபோலத் தெரியும். கீழிமை மேலே எழுந்து மூடுகிறதா என்று பாருங்கள். அதுதான் உண்மையான இமை.

இமை இருக்கிறது. அப்படியென்றால் லெப்பர்டு கெக்கோதானா?

இருக்கலாம். ஆனால் இன்னும் இரண்டு இனங்கள் அதே வரிசையில் நிற்கின்றன.

ஒன்று ஆப்பிரிக்கக் கொழுவால் பல்லி, ‘ஃபேட் டெயில்’ என்று சொல்வார்கள். இதன் கண் கறுப்போ என்று நினைக்கும் அளவுக்கு அடர்ந்த பழுப்பு. லெப்பர்டின் கண் சாம்பல் வெளுப்பு, நடுவில் செங்குத்தான கீற்று பளிச்சென்று தெரியும். லெப்பர்டுக்குக் குட்டியில் இருக்கும் பட்டைகள் வளர வளர உடைந்து புள்ளிகளாகிவிடும். கொழுவாலுக்கு அகலமான பழுப்புப் பட்டைகள் கடைசிவரை அப்படியே இருக்கும். சிலவற்றுக்கு முதுகின் நடுவே தலையிலிருந்து வால்வரை வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். முக்கியமான விஷயம், இது பாலைவனப் பிராணியே அல்ல. செனகலிலிருந்து கேமரூன் வரையுள்ள மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிக்காரர். லெப்பர்டுக்கான வறண்ட தொட்டியில் வைத்தால் ஒவ்வொரு முறை தோல் உரிக்கும்போதும் திண்டாடும். காற்றில் 60–70 சதவீத ஈரப்பதம் கேட்கும்.

இன்னொன்று வட அமெரிக்காவின் பட்டைப் பல்லி, கோலியோனிக்ஸ். லெப்பர்டு குட்டி என்று இதை வாங்கி, ‘வளரவே மாட்டேன் என்கிறது’ என்று கவலைப்படுபவர்கள் உண்டு. அது ஏற்கெனவே வளர்ந்து முடிந்திருக்கும்! முழுதாக வளர்ந்தாலும் வால் உட்பட 15 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. தோலைப் பாருங்கள். லெப்பர்டு குட்டியின் முதுகில் சிறு சிறு மணிகள் பதித்ததுபோல மேடுகள் இருக்கும். வழக்கமாக வளர்க்கப்படும் மேற்குப் பட்டைப் பல்லிக்கு முதுகு வழவழவென்று, அடியில் ஒளி வைத்தால் ஊடுருவும்போல மெல்லியதாக இருக்கும். ஆணுக்கு வாலின் அடியில் இரு பக்கமும் முள் போல ஒரு துருத்தல் உண்டு. லெப்பர்டுக்கு அப்படி எதுவும் இல்லை.

இமை இல்லை. விரலில் என்ன பார்ப்பது?

கண்ணாடித் தட்டின் மேல் நிற்கும்போது அடியிலிருந்து செல்போனில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு இருப்பதுபோல விரல் நுனியில் அகன்ற ஒட்டுத் தகடு இருந்தால், இந்தப் பக்கத்தில் பேசும் மணல் இனங்களில் அது சேராது.

விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பதுபோல சவ்வு இருந்தால், வளர்ப்பில் உள்ளவற்றில் அது பெரும்பாலும் நமீப் வலைக்கால் பல்லி, பாக்கிடாக்டைலஸ் ராஞ்சை. உடம்பு இளஞ்சிவப்பாக, உள்ளுறுப்பு தெரியுமோ என்னும்படி மெல்லியதாக இருக்கும். சவ்வு மணலில் புதையாமல் நடப்பதற்கு மட்டுமல்ல, மணலை அள்ளி வளை தோண்டவும் அதுதான் மண்வெட்டி. அரேபியாவிலும் சவ்வுக்கால் உள்ள சிறு மணல் பல்லி ஒன்று உண்டு. இரண்டும் நெருங்கிய சொந்தமல்ல, ஒரே மாதிரி மணல் இரண்டு கண்டங்களில் ஒரே மாதிரிக் காலைச் செய்துவிட்டது. நமீப் பல்லிக்கு இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது: புற ஊதா ஒளியில் அதன் கண்ணோரமும் விலாவும் பச்சையாக ஒளிரும் என்று 2021-ல் கண்டறிந்தார்கள்.

சவ்வு இல்லாமல், விரல் ஓரங்களில் சீப்புப் பல் போலக் கூரான செதில்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தால் அது ஸ்டெனோடாக்டைலஸ் ஆகவோ டெராட்டோசிங்கஸ் ஆகவோ இருக்கும். இந்த இரண்டையும் பிரிப்பது எளிது. டெராட்டோசிங்கஸின் உடம்பில் மீன் செதில் போல பெரிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஸ்டெனோடாக்டைலஸுக்கு நெல் உமியைவிடச் சிறிய, மணல் துகள் போன்ற செதில்கள்.

‘பெட்ரி’ என்று சொல்லி விற்றார்கள். ஆனால் ‘ஸ்தெனோ’ என்கிறார் நண்பர். எப்படிப் பிரிப்பது?

அதிகம் குழப்பும் ஜோடி இதுதான். பெயரே பாதிக் குழப்பம். ஸ்டெனோடாக்டைலஸ் என்பது பேரினம், ‘ஒடுங்கிய விரல்’ என்று பொருள். அதில் ஓர் இனத்துக்கு ஸ்டெனோடாக்டைலஸ் ஸ்தெனோடாக்டைலஸ் என்று பெயர். நடுவில் ஒரே ஓர் ஒலி மாறுகிறது, பொருளோ ‘வலிய விரல்’ ஆகிவிடுகிறது. விலங்கியலாளர் லிக்டென்ஸ்டைன் 1823-ல் வைத்த பெயர். பெட்ரியை என்பது இன்னொரு விலங்கியலாளர் ஆண்டர்சன் 1896-ல் எகிப்து ஆய்வாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி நினைவாகச் சூட்டியது.

இனி ஆளைப் பார்ப்போம். பெட்ரி தளர்ந்த மணலில் வாழ்பவர். தலை பெரிது, உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குக்கூடச் சொல்லலாம். கண்கள் வெளியே துருத்தி நிற்கும். விரல்கள் தட்டையாக, ஓரச் செதில் சீப்பு நன்றாக வளர்ந்து கண்ணுக்கே தெரியும். நிறம் மஞ்சள் கலந்த மணல், குறிகள் மங்கல். ஸ்தெனோ இறுகிய மண்ணிலும் சரளைத் தரையிலும் ஓடுபவர். உடம்பு ஒல்லி, விரல் மெல்லிசு, ஓரச் சீப்பு மிகச் சிறிது. முதுகில் வெளிர் புள்ளியும் இருண்ட வரியும் பின்னிய வலை போல ஒரு கோலம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

நிறத்தை வைத்து நானே ஏமாந்திருக்கிறேன். மங்கலாக இருந்ததால் பெட்ரி என்று சொல்லி ஒருவர் கொடுத்ததை நம்பி, ஆழமாகத் தளர்ந்த மணல் போட்டு வைத்தேன். அது மணலில் இறங்கவே இல்லை, ஒரு மூலையில் இருந்த தட்டைக் கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தது. விரலைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பாதித் தொட்டியில் இறுகிய மண்ணும் கல்லும் வைத்ததும் மறுவாரமே கல்லுக்கடியில் குழி பறித்துக் குடியேறிவிட்டது. கால் சொல்வதைக் கேட்காமல் நிறத்தைக் கேட்டதற்கு எனக்கு ஒரு மாதம் தண்டம்.

‘தவளைக்கண்’ பல்லி என்கிறார்களே, அது எது?

மேலே சொன்ன டெராட்டோசிங்கஸ்தான். பரவலாகக் கிடைப்பது டெராட்டோசிங்கஸ் சிங்கஸ். ‘வொண்டர் கெக்கோ’ என்றாலும் இதுவே. வாலின் மேற்புறம் நகம் போன்ற தகடுகள் இருக்கும், பயந்தால் வாலை ஆட்டி அவற்றை உரசி ஒரு சரசரப்பை எழுப்பும். முதல் முறை கேட்பவர் பாம்பு என்றே நினைப்பார். கெய்சர்லிங்கி, ரொபோரோவ்ஸ்கி என்று இதே பேரினத்தில் இன்னும் சில இருக்கின்றன. அவற்றைச் செதில் எண்ணித்தான் பிரிக்க வேண்டும். பெற்றோர் எந்தப் பகுதியிலிருந்து வந்தவை என்று விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது அதைவிடப் பயன்படும். வளர்ப்பு முறையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் கலந்து இனப்பெருக்கம் செய்துவிடக் கூடாது.

என் பல்லி காலையில் ஒரு நிறம், இரவில் ஒரு நிறமாக இருக்கிறது. நோயா?

இல்லை. குளிரில் இருண்டும் சூட்டில் வெளுத்தும் போகும். தோல் உரிக்கும் முன் சாம்பல் பூத்ததுபோல ஆகும். நிறத்தை நம்பாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மணல் போடலாமா கூடாதா? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்களே.

இரண்டு பக்கமும் சரிதான், பேசுவது வேறு வேறு பல்லியைப் பற்றி. லெப்பர்டு கெக்கோவைத் தளர்ந்த மணலில் வைக்கக் கூடாது என்ற அறிவுரையை எடுத்துப் பெட்ரிக்கும் டெராட்டோசிங்கஸுக்கும் சொல்லிவிடுகிறார்கள். மணலே இல்லாத தொட்டியில் பெட்ரிக்கு ஒளிய இடம் கிடையாது. பகலெல்லாம் வளைக்குள் இருக்க வேண்டிய உயிர், காகிதத் தாள் மேல் நாள் முழுக்க வெளிச்சத்தில் நிற்கும்.

பெட்ரி, டெராட்டோசிங்கஸ், வலைக்கால் மூன்றுக்கும் கழுவி உலர்த்திய மெல்லிய மணல் குறைந்தது 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போடுங்கள், டெராட்டோசிங்கஸுக்கு அதற்கும் மேல். மேலே உலர்ந்தும் அடியில் லேசாக நனைந்தும் இருக்க வேண்டும். நனைந்த மணல்தான் வளை இடியாமல் நிற்கும், உள்ளே ஈரக் காற்றும் இருக்கும். தொட்டியின் ஒரு மூலையில் குழாய் ஒன்றைச் செங்குத்தாகப் புதைத்து, அதன் வழியாக வாரம் ஒருமுறை கொஞ்சம் நீர் ஊற்றினால் மேல்மணல் நனையாமல் அடிக்கு ஈரம் போய்விடும். ஸ்தெனோவுக்கு மணலோடு களிமண் கலந்து, நனைத்து, தட்டி இறுக்கிக் காயவிடுங்கள். லெப்பர்டுக்கும் வளர்ந்த பிறகு இதே கலவை பொருந்தும். குட்டிக்கு மட்டும் காகிதத் துண்டு விரிப்பே நல்லது, எச்சத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

‘கால்சியம் மணல்’ என்று வண்ணவண்ணமாக வருகிறதே, அதை எந்தப் பல்லிக்கும் வாங்காதீர்கள். சுண்ணாம்புச் சத்தைத் தேடி அதையே நக்கித் தின்று வயிறு அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று. கற்களை மணலின் மேல் வைக்காமல், முதலில் தொட்டியின் அடித்தளத்தில் வைத்துவிட்டு அதைச் சுற்றி மணல் கொட்டுங்கள். மணல் மேல் கல்லை வைத்தால் பல்லி அடியில் தோண்டும்போது கல் இறங்கி நசுக்கிவிடும்.

எவ்வளவு சூடு வேண்டும்?

பெட்ரி, ஸ்தெனோ, டெராட்டோசிங்கஸ்: விளக்குக்குக் கீழே ஓர் இடம் மட்டும் 35 டிகிரி செல்சியஸ் அளவில், எதிர்ப்பக்கம் 25–27, இரவில் 18–20. லெப்பர்டு: சூடான தரை 32–34, குளிர்ந்த பக்கம் 24–26. வலைக்காலுக்கு 30-க்கு மேல் பெரிதாகப் போக வேண்டாம், இரவு நன்றாகக் குளிரட்டும். இரவுக் குளிர்ச்சியைப் பார்த்துப் பயந்து விடிய விடிய விளக்கு எரிப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. எந்த விளக்கானாலும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம்.

தோண்டும் இனங்களுக்கு ஹீட் மேட்டை (சூடேற்றும் தகட்டை) அடியில் வைக்காதீர்கள். காட்டில் ஆழமாகப் போகப் போகக் குளிரும். சூடு தாங்காத பல்லி கீழ்நோக்கித் தோண்டும், அங்கேயும் சூடு இருந்தால் இன்னும் ஆழமாகத் தோண்டி நேராகத் தகட்டின் மேலேயே போய்ப் படுத்து வெந்துபோகும். சூடு எப்போதும் மேலிருந்து வரட்டும்.

தண்ணீர்?

ஆழமில்லாத சிறு கிண்ணம் எல்லோருக்கும் வேண்டும். ஆனால் சிறு மணல் இனங்கள் கிண்ணத்தைப் பெரும்பாலும் சட்டை செய்யாது. விளக்கு அணைந்த பிறகு கண்ணாடியின் ஒரு பக்கத்திலும் கல்லிலும் லேசாகத் தெளியுங்கள், துளிகளை நக்கிக்கொள்ளும். பெட்ரிக்கு வாரம் இரண்டு மூன்று முறை. வலைக்காலுக்குத் தினமும் மாலை. காட்டில் மூடுபனி அதன் தலையிலும் கண்ணிலும் துளியாகப் படியும், அதை நாக்கை நீட்டி நக்கியே தாகம் தீர்த்துக்கொள்ளும். லெப்பர்டுக்கும் கொழுவாலுக்கும் நனைந்த பாசி வைத்த மூடிய ஈரப்பெட்டி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும், விரல் நுனியில் பழைய தோல் ஒட்டி இறுகாமல் அது காப்பாற்றும்.

என்ன தீனி, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

உயிருள்ள பூச்சிதான். சிள்வண்டு, டூபியா கரப்பான், இடையிடையே மாவுப்புழு. அளவு, பல்லியின் இரு கண்களுக்கு நடுவே உள்ள தூரத்தைத் தாண்டக் கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுங்கள், வாரம் ஒருமுறை வைட்டமின் டி3 கலந்த பொடி. பூச்சிக்கும் முதல் நாளே கீரை, கேரட் போட்டு வயிறு நிறைத்துவிடுங்கள், பட்டினிப் பூச்சியைத் தின்பது வெறும் ஓட்டைத் தின்பது போலத்தான். டெராட்டோசிங்கஸ் ரொபோரோவ்ஸ்கி மட்டும் காட்டில் பழமும் தின்னும்.

தின்னாமல் மீந்த சிள்வண்டை இரவில் தொட்டியில் விடாதீர்கள். தூங்கும் பல்லியையே கடித்துவிடும்.

இரவில் திரியும் பல்லிக்குப் புற ஊதா விளக்கு எதற்கு?

லெப்பர்டு போன்றவை அந்தியிலும் விடியலிலும் நடமாடும், பதுங்கிடத்திலிருந்து ஒரு காலையோ வாலையோ வெளியே நீட்டி வெளிச்சம் வாங்கி, அதைக்கொண்டு உடம்பில் டி3 உண்டாக்கிக்கொள்ளும். வலு குறைந்த விளக்கு போதும், நிழலும் பதுங்கிடமும் நிறைய இருக்க வேண்டும். விளக்கு இல்லையென்றால் டி3 பொடியைத் தவறவிடக் கூடாது.

கையில் எடுக்கலாமா?

லெப்பர்டு, கொழுவால்: பழகிய பிறகு எடுக்கலாம். மற்றவை பார்த்து ரசிக்கத்தான். டெராட்டோசிங்கஸை விரலால் பிடித்தால் அந்த அழகான செதில் தோல் ஈரக் காகிதம் போலக் கிழிந்து கையோடு வந்துவிடும். மீண்டும் வளரும் என்றாலும் அந்தப் புண்ணைப் பார்த்தவர் இரண்டாவது முறை தொட மாட்டார். இடம் மாற்ற வேண்டுமானால் ஒரு கிண்ணத்தை முன்னால் வைத்து, பின்னாலிருந்து மெல்ல ஓட்டுங்கள். எந்த இனமானாலும் வாலைப் பிடிக்காதீர்கள்.

ஒரே மாதிரி இருக்கிற இரண்டு இனங்களைச் சேர்த்து வைக்கலாமா?

வேண்டாம். ஒரே இனத்திலும் இரண்டு ஆண்களைச் சேர்த்து வைக்காதீர்கள்.

புதிதாக வந்தது நலமாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

வாலின் அடியையும் இடுப்பையும் பாருங்கள். இடுப்பெலும்பு துருத்தி, வால் ஒட்டிப்போயிருந்தால் யோசிக்க வேண்டும். கண் குழிவிழுந்திருந்தால் நீர் வற்றியிருக்கிறது. ஸ்டெனோடாக்டைலஸ் இனங்கள் வணிகத்துக்கு வருவதில் நிறைய காட்டில் பிடித்தவை. குடலில் புழு இருக்கும், பயணக் களைப்பும் இருக்கும். வந்த வாரமே எச்சத்தை ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். வேறு பல்லி இருக்கும் அறையில் வைக்காமல் இரண்டு மூன்று மாதம் தனியே வைத்திருங்கள். லெப்பர்டு நன்றாகத் தின்றும் வால் குச்சியாகிக்கொண்டே போனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணியின் தொற்றாக இருக்கலாம். அது எச்சத்தின் மூலம் மற்றப் பல்லிகளுக்கும் பரவும், சாதாரணக் கிருமிநாசினிக்கு மசியாது.

வளர்ப்பிலேயே பிறந்தது கிடைத்தால் காத்திருந்தாவது அதையே வாங்குங்கள்.

ஆணா பெண்ணா?

வளர்ந்த ஆணுக்கு வாலின் அடியில், கழிவுத் துளைக்குக் கீழே இரண்டு புடைப்புகள் தெரியும். லெப்பர்டு ஆணுக்குத் துளைக்கு மேலே மெழுகுத் துளைகள் தலைகீழ் ‘வி’ வடிவில் வரிசையாக இருக்கும். குட்டியில் சொல்ல முடியாது. சொல்பவர் ஊகிக்கிறார்.

முட்டை இட்டுவிட்டது. என்ன செய்வது?

இங்கேயும் இனம் தெரிந்தாக வேண்டும். இமையுள்ள இனங்களின் முட்டை தோல் போல மெத்தென்று இருக்கும், பெரும்பாலும் ஒரு முறைக்கு இரண்டு. சுற்றிலும் உள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் வளரும், உலர்ந்தால் சுருங்கிவிடும். ஈரமான வெர்மிகுலைட்டில் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) பாதி புதைத்து வையுங்கள். லெப்பர்டுக்கு அடைகாக்கும் சூடு குஞ்சின் பாலையும் தீர்மானிக்கும்: 26–28 டிகிரியில் பெரும்பாலும் பெண், 32 அளவில் பெரும்பாலும் ஆண், 34-ஐத் தாண்டினால் மறுபடி பெண்கள் கூடிவிடும்.

இமையில்லாத மணல் இனங்களின் முட்டை சுண்ணாம்பு ஓடு போட்டது, ஒன்றோ இரண்டோ மணலில் புதைந்திருக்கும். இதை ஈர வெர்மிகுலைட்டில் வைத்தால் பூஞ்சை பிடித்துப் போய்விடும். உலர்ந்த மணல் போட்ட சிறு டப்பாவில் வைத்து, பக்கத்தில் தனியாக ஒரு மூடியில் நீர் வைத்தால் போதும். டெராட்டோசிங்கஸ் முட்டையின் ஓடு மிக மெல்லியது. விரலால் எடுக்காமல் கரண்டியால் அடிமணலோடு அள்ளுங்கள். எடுக்கும் முன் மேல்பக்கத்தில் பென்சிலால் சிறு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி கடைசிவரை மேலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். புரட்டினால் உள்ளே இருக்கும் கரு இறந்துபோகும்.